தலையெழுத்தும் சான்றெழுத்தும்

மனிதனைக் குறித்துச் சர்க்கார் ஏட்டில் இரண்டு எழுத்துகள் தவறாமல் இடம்பெறுகின்றன. பிறந்தான் என்பது ஒன்று. இறந்தான் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எழுபது எண்பது ஆண்டு வாழ்ந்தவனுக்குப் பள்ளிச் சான்று, வேலைச் சான்று, மணப் பதிவு, வீட்டுப் பத்திரம் எனப் பல சாட்சிகள் உண்டு. மரணப் பதிவில் ஒரு சொல் பிழைபட்டாலும் அவன் வாழ்வை ஏனைய ஏடுகள் உரைக்கும். ஆனால், பத்து நாளோ பத்து மாதமோ வாழ்ந்து மறையும் சிசுவுக்கு அவ்விரண்டு எழுத்தையன்றி வேறு சாட்சி யாது? அதிலும், குரோமோசோம் கோளாற்றோடு பிறந்த குழந்தை எதனால் இறந்தது என்று கூறும் கடைசித் தாள் பிழைபடுமாயின், அக்குழந்தை உலகுக்கு விட்டுச் சென்ற ஒரே பாடமும் பிழைபட்டுப் போகும். அத்தாளில் எவ்வளவு உண்மை எழுதப்பட வேண்டும், அந்த உண்மை யாருக்குச் செலுத்த வேண்டிய கடன் என்பனவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பதிவினால் என்ன பயன் என்று வினவுவோர்க்குக் காத்தோங்கையே சான்றாகக் காட்டலாம். ஒரு காலத்தில் அது கடலோரப் பகுதி. ஈஸ்ட் கோஸ்ட் சாலைக்கு அண்மையிலேயே அலை வந்து மோதியது. 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய மண்நிரப்பு வேலையால் கடல் அப்பால் தள்ளப்பட்டது. அலையிருந்த இடத்தில் மரீன் பரேட் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. சிலோன் சாலைச் செண்பக விநாயகர் ஆலயத்துக்கு இன்று வரும் ஓர் இளைஞர், பழைய கரை எங்கே இருந்தது என்றறிய விரும்பினால் பழைய நிலப்படத்தைத்தான் புரட்ட வேண்டும். அன்று படம் வரைந்தவர் கோட்டைத் தவறாக இழுத்திருந்தால், இன்று கடலைக் கேட்டுத் திருத்த வழியில்லை. இறந்த குழந்தையின் செய்தியும் இத்தன்மைத்தே. உடல் மண்ணுக்குச் சென்றபின் ஏடு ஒன்றே எஞ்சுகிறது.

சிங்கப்பூரில் 1872 முதல் பிறப்பும் இறப்பும் பதிவாகி வருகின்றன. முன்னாளில் வைத்தியர் கொடுத்த தாளைக் குடும்பத்தார் எடுத்துச் சென்று மரணத்தைப் பதிவு செய்தனர். 2022-ஆம் ஆண்டு மே 29 முதல் அம்முறை மாறிற்று. வைத்தியர் மரண காரணத்தைச் சான்றளித்தவுடன் அது இணையவழியே தானாகப் பதிவாகிறது. காகிதச் சான்றிதழுக்கு மாற்றாக மின்சான்றிதழ் வந்துள்ளது. துயருற்ற குடும்பத்தின் அலைச்சல் குறைந்தது நன்மையே. ஆயினும், வைத்தியரின் சொல் நேரே ஏட்டில் ஏறுவதால் அவர் பொறுப்பு முன்னினும் கனத்திருக்கிறது என்பதை மறத்தலாகாது.

அவர் எழுதும் படிவம் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. 1948-ஆம் ஆண்டில் நாடுகள் கூடி ஏற்ற முறை அது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற் பகுதியின் மேல்வரியில் உயிரை நேரே பறித்த நிலை எழுதப்படும். அது எதனால் வந்தது என்பது அடுத்த வரியில். அதுவும் எதனால் வந்தது என்பது அதற்கும் கீழே. இவ்வாறு சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை இறங்கிச் சென்று மூலகாரணத்தைக் காட்ட வேண்டும். இரண்டாம் பகுதி, அச்சங்கிலியில் சேராமல் மரணத்துக்குத் துணைபுரிந்த பிற நிலைகளுக்கு உரியது. நான்கைந்து வரிகளே. ஆயினும் ஒரு தேசம் தன் குழந்தைகள் எதனால் மடிகின்றனர் என்று அறிவது இவ்வரிகளைக் கூட்டிப் பார்த்தே.

இனிக் குரோமோசோம் என்பது யாதெனக் காண்போம். நம் உடலின் உயிரணுக்களுக்குள் பரம்பரைச் செய்தியைத் தாங்கி நிற்கும் நுண்ணிய இழைகளே குரோமோசோம்கள். அவை 48 என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பி வந்தனர். 46 தான் என்பதை 1956-இல் வெளியிட்டவருள் ஒருவர், நம் அண்டைத் தீவாகிய ஜாவாவில் பிறந்து, யுத்தகாலத்தில் ஜப்பானியர் சிறையில் வாடிய ஜோ ஹின் சியோ என்பவர். சுவீடன் நாட்டில் ஆல்பர்ட் லெவான் என்பாருடன் சேர்ந்து அவர் இதனை நிறுவினார். எண்ணிக்கை சரியான பின்னரே, எண்ணிக்கையில் வரும் பிழை தெரியலாயிற்று. 1959-இல் பாரிஸ் நகரில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் டவுன் சிண்ட்ரோம் உடைய குழந்தைகளிடம் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை வெளியிட்டனர். 1960-இல் 18-ஆம் குரோமோசோம் மிகுவதால் வரும் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோமும், 13-ஆம் குரோமோசோம் மிகுவதால் வரும் படாவ் சிண்ட்ரோமும் விளங்கின. இவையன்றி, ஓர் இழையின் துண்டு குறைந்தும், ஒன்றின் துண்டு மற்றொன்றில் ஒட்டியும் வரும் அரிய கோளாறுகள் பல. அவற்றுட் சிலவற்றுக்கு ஊரறிந்த பெயர்கூட இல்லை.

இத்தகைய குழந்தை இறக்கும்போது சான்றெழுத்தில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒன்று, பிறவிக் கோளாற்றின் பெயரை எழுதாமல் விடுதல். மற்றொன்று, அப்பெயரை மட்டுமே எழுதி முடித்துவிடுதல். முன்னது மறைப்பு, பின்னது சோம்பல். இரண்டும் வெவ்வேறு மனிதர்க்குத் தீங்கிழைக்கின்றன. ஆதலின் தனித்தனியே நோக்குவோம்.

மறைப்பு புதிதன்று. லண்டன் மாநகரின் மரணப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிரான்ட் என்பார் 1662-இல் ஒரு நூல் வெளியிட்டார். மேகநோயால் இறந்தோர் பலரைச் 'சயரோகம்' என்றே பிணம் பார்க்கும் கிழவியர் எழுதுவித்தனர் என்றும், அதற்குக் குடும்பத்தார் கொடுத்த மதுவும் சில்லறைக் காசும் காரணம் என்றும் அவர் கண்டுரைத்தார். நம் மக்களிடையே கைக்கூலி தேவைப்படவில்லை, அறியாமையே போதுமானதாயிருந்தது. மலாயாவின் பழைய பதிவேடுகளில் 'இன்னதென்று குறிக்கப்படாத காய்ச்சல்', 'இசிவு' என்னும் இரண்டு பெயர்களுக்குள் எத்தனையோ நோய்கள் புதைந்து கிடந்தன. தோட்டத்து லயங்களில் மாந்தம் என்றும் செவ்வாப்பு என்றும் சொல்லிப் புதைத்த சிசுக்களுள், இருதயத்தில் துளையோடு பிறந்தவை எத்தனை, குரோமோசோம் கோளாறு உடையவை எத்தனை என்பதை இனி எவரும் கூற முடியாது. இந்திய நாட்டில் 2020-ஆம் ஆண்டில் பதிவான மரணங்களுள்கூட நூற்றுக்கு 22.5 மட்டுமே வைத்தியரால் காரணம் சான்றளிக்கப்பட்டவை. எஞ்சியவற்றின் காரணத்தை வைத்தியர் எவரும் எழுதி வைக்கவில்லை.

அறியாமையால் வரும் மறைப்புக்கு மருந்து கல்வி. அறிந்தே செய்யும் மறைப்பு வேறு. "இந்தப் பெயரை எழுத வேண்டாம் டாக்டர்; மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு தகப்பனார் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். வைத்தியரும் இரங்கி, 'நிமோனியா' என்ற அளவில் நிறுத்திவிடுகிறார். எழுதியது பொய்யுமன்று, குழந்தைக்கு நிமோனியா இருந்தது உண்மையே. யாருக்கும் கேடில்லை என்று தோன்றும் இதில் என்ன பிழை? குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் உரைத்துள்ளாரே என்பாரும் உளர்.

வள்ளுவர் அச்சலுகையை வாளா வழங்கினாரல்லர். விளையும் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தார். அவர் வைத்த உரைகல்லிலேயே இக்காரியத்தை உரைத்துப் பார்ப்போம். டவுன் சிண்ட்ரோம் உடையோருள் நூற்றுக்கு 3 அல்லது 4 பேருக்கு அது இழைமாற்றத்தால் வருகிறது. ஒரு குரோமோசோமின் துண்டு மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை அது. தாயோ தந்தையோ தமக்கு யாதொரு குறையுமின்றி இவ்வொட்டினைச் சுமந்திருக்கலாம். 14-ஆவதும் 21-ஆவதும் ஒட்டிய நிலையைத் தாய் சுமந்திருப்பின், அடுத்த கருவுக்கும் அது வரக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு 10 முதல் 15 வரை. எவருக்காகப் பெயர் மறைக்கப்பட்டதோ அந்த மூத்த மகளே இவ்வொட்டினைச் சுமப்பவளாக இருக்கக்கூடும். அவள் மணமாகிக் கருவுற்று, ஒன்றும் அறியாமல் தன் தாய் பட்ட துன்பத்தையே மீண்டும் படுவாளாயின், அந்தக் கருணை குற்றமற்றதென்று எவ்வாறு கூறுவது? அவளைக் காக்க எழுந்த பொய் அவளையே தாக்குகிறது.

மேலும், பெயரைச் சொல்லாவிடில் ஊர் வாய் சும்மா இருப்பதில்லை. அது தானே ஒரு காரணத்தைக் கற்பிக்கும். கிரகண காலத்தில் வெளியே வந்தாள், ஆகாததைத் தின்றாள், ராசியற்றவள் என்று எல்லாப் பழியும் தாயின் தலையில் விழும். உண்மையோ அவளை விடுவிக்கிறது. இக்கோளாறுகளுள் மிகப் பெரும்பாலானவை, கரு உண்டாவதற்கான அணு பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைகள். தாய் உண்டதாலோ நடந்ததாலோ நினைத்ததாலோ வந்தவையல்ல. இதனை எழுத்தால் நிறுவிக் காட்டும் தாள், பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணுக்கு எத்துணை பெரிய விடுதலை! அதனைக் கருணையின் பெயரால் அவளிடமிருந்து பறித்தல் கொடுமை.

இனி இரண்டாம் பிழைக்கு வருவோம். இதுவே நம் கண்ணுக்கு எளிதில் படாதது. குழந்தைக்கு எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம் இருந்தது, குழந்தை இறந்தது, ஆகவே 'எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம்' என ஒரே சொல்லில் சான்று முடிகிறது. பார்ப்பதற்கு இது முழு உண்மை போலவே தோன்றும். ஆயினும் குரோமோசோம் எவர் கழுத்தையும் நெரிப்பதில்லை. இருதயத் துளை, மூச்சு நின்றுபோதல், பால் புரையேறி நுரையீரலில் இறங்குதல், அதனால் வரும் நிமோனியா இவையே உயிரைப் பறிக்கின்றன. இவற்றுட் சில தடுக்கக்கூடியவை, சில தீர்க்கக்கூடியவை. ஒற்றைச் சொல்லால் சான்றை முடிக்கும்போது, 'இதைத் தடுத்திருக்கலாமா?' என்ற வினாவும் அதனோடு புதைக்கப்படுகிறது.

அவ்வினாவைக் கேட்டதால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 1983 முதல் 1997 வரை டவுன் சிண்ட்ரோம் எனக் குறிக்கப்பட்ட 17,897 பேரின் மரணச் சான்றுகளை ஆராய்ச்சியாளர் கூட்டிப் பார்த்து 2002-இல் முடிவை வெளியிட்டனர். 1983-இல் அவர்களுள் பாதிப்பேர் 25 வயதுக்குள் இறந்தனர். 1997-இல் அந்த நடுவயது 49 ஆக உயர்ந்திருந்தது. பதினான்கே ஆண்டில் குரோமோசோம் மாறிவிட்டதா? இல்லை, 21-ஆம் இழை அன்றும் மூன்று, இன்றும் மூன்றே. மாறியது மனிதர் நடத்தை. இருதய அறுவைச் சிகிச்சை அவர்களுக்கும் செய்யப்பட்டது. அடைத்து வைக்கும் விடுதிகளிலிருந்து அவர்கள் வீட்டுக்கு மீண்டனர். இதே சான்றுகள் மற்றொரு செய்தியையும் கூறின. 1997-இல் அந்த நடுவயது வெள்ளையர்க்கு 50, கறுப்பர்க்கு 25, ஏனைய இனத்தார்க்கு 11. பிறவிக் கோளாறு ஒன்றே. ஆயுள் மட்டும் வெவ்வேறு. கோளாற்றுக்கு இனபேதம் தெரியாது. வைத்திய வசதியைப் பங்கிடும் சமூகத்துக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டிப் பார்க்கச் சான்றெழுத்து இருந்ததால் அன்றோ இந்த அநீதி வெளிப்பட்டது!

படாவ், எட்வர்ட்ஸ் கோளாறுகளைக் குறித்தும் ஒரு செய்தி உண்டு. 'உயிர்வாழ்வுக்கு ஒவ்வாதவை' என்று வைத்திய நூல்கள் இவற்றை நெடுங்காலம் வழங்கி வந்தன. இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் ஓராண்டைக் காண்பதில்லை என்பது மெய்யே. ஆயினும், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1991 முதல் 2012 வரை பிறந்தோரைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி 2016-இல் வெளிவந்தது. படாவ் சிண்ட்ரோம் உடையோருள் நூற்றுக்கு 19.8 பேரும், எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம் உடையோருள் நூற்றுக்கு 12.6 பேரும் ஓராண்டைக் கடந்தனர். பத்தாண்டு வாழ்ந்தோர் முறையே நூற்றுக்கு 12.9, 9.8. இத்தொகை சிறியதே, ஆயினும் 'ஒவ்வாதவை' என்ற சொல்லைப் பொய்யாக்க இது போதும். 'பிழைக்காது' என்று முன்னரே முடிவு கட்டினால், சிகிச்சை குறையும். சிகிச்சை குறைந்தால் குழந்தை பிழைக்காது. 'கோளாற்றால் இறந்தது' என்று சான்று எழுதப்படும். அச்சான்றே அடுத்த குழந்தைக்கு 'பிழைக்காது' என்பதற்கு ஆதாரமாகும். செக்குமாடு போல் எண்ணம் ஒரே தடத்தில் சுற்றுகிறது.

நேயர்காள்! இச்சுழற்சியை நாம் முன்னரே அறிவோம். 'தலையெழுத்து' என்பது அதன் பழைய பெயர். வயிற்றுப்போக்கால் மடிந்த பிள்ளைக்கும், மலைக்காய்ச்சலால் மடிந்த கூலிக்கும் தலைவிதி என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, சாக்கடையையும் கொசுவையும் குற்றத்திலிருந்து விடுவித்த காலம் ஒன்று இருந்தது. கொசுவைக் கண்ட அன்று விதி ஒதுங்கிற்று. அதே விதி இன்று நெற்றியிலிருந்து இறங்கி உயிரணுவுக்குள் குடிபுகப் பார்க்கிறது. பிரமன் எழுதினான் என்று சொல்ல நாணுபவர் குரோமோசோம் எழுதிற்று என்று சொல்லி அமைதியுறுகின்றனர். சொல் விஞ்ஞானம், மனப்பான்மையோ பழையதே.

ஆகவே, சரியான சான்றெழுத்து இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்கும். எட்வர்ட்ஸ் சிண்ட்ரோமோடும் இருதயத் துளையோடும் பிறந்த குழந்தை நிமோனியாவால் இறந்தால், மேல்வரியில் நிமோனியாவும், அதன்கீழ் இருதயக் கோளாறும், அடியில் சிண்ட்ரோமும் வரிசையாய் நிற்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உடைய சிறுவன் உணவு தொண்டையில் அடைத்து இறந்தால், அடைப்பே முதற் பகுதிக்கு உரியது. சிண்ட்ரோம் துணைநிலையாயின் இரண்டாம் பகுதிக்கு உரியது. முதல் எழுத்து, இக்குழந்தைகளை உயிரோடு வளர்க்கும் ஏனைய பெற்றோர்க்கு எதைக் காக்க வேண்டுமெனக் கற்பிக்கும். இரண்டாம் எழுத்து, இனிப் பிறக்கும் குழந்தைகளின் குடும்பத்துக்கு எதை அறிய வேண்டுமெனக் கற்பிக்கும்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும்.

குடும்ப இரகசியம் கண்டோர்க்கெல்லாம் தெரியுமே என்பது முதலாவது. நியாயமான அச்சமே. ஆனால் உண்மையை எழுதுதல் வேறு. அதை எல்லார்க்கும் காட்டுதல் வேறு. இந்தியாவின் 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், ஏட்டிலுள்ள மரண காரணத்தை வெளியே வழங்கும் நகலில் காட்டலாகாது என்றே விதித்தது. நெதர்லாந்து நாட்டில் காரணம் எழுதிய படிவம் தனியே, இரகசியமாய்ப் புள்ளிவிவர நிலையத்துக்குச் செல்கிறது. பாங்கிக் குமாஸ்தாவுக்கு வேண்டியது இறந்தார் என்ற செய்தி மட்டுமே. இரகசியத்தைக் காக்கப் பூட்டு செய்யலாம். ஏட்டைப் பொய்யாக்க வேண்டியதில்லை.

பெயரே இழிவாக இருக்கிறதே என்பது இரண்டாவது. இழிவான பெயரை மாற்றுவதே முறை. டவுன் சிண்ட்ரோமுக்கு ஓர் இனத்தாரின் பெயரை இட்டு இழிவாக வழங்கி வந்த வழக்கத்தை விடுமாறு 1961-இல் விஞ்ஞானிகள் பலர் ஒரு வைத்தியப் பத்திரிகையில் கையொப்பமிட்டு எழுதினர்; 1965-இல் மங்கோலியப் பிரதிநிதிகள் வேண்ட, உலக சுகாதார நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது. பெயர் போயிற்று, உண்மை நின்றது.

வைத்தியருக்கே நிச்சயமில்லாதபோது எவ்வாறு எழுதுவார் என்பது மூன்றாவது. சிசுவைத் தாமதமின்றி மண்ணுக்கு ஒப்படைப்பது நம்மவர் வழக்கமாதலின், காலமும் குறுகியது. ஆயினும் உயிர் பிரிந்த பின்னரும் சிறிது இரத்தமோ தோலோ எடுத்துக் குரோமோசோம்களை ஆராய முடியும். அதற்கு அடக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. எடுக்கலாமா என்று பரிவோடு கேட்பது வைத்தியர் கடமை. முடிவு பின்னர் வந்தால் அதனை ஏட்டில் சேர்க்க வழி வைப்பது சர்க்கார் கடமை. கேட்கப்பட்ட பெற்றோர் மறுப்பாராயின் அது அவர் உரிமை. கேளாமலே விடுவதுதான் பிழை.

நம் சமூகம் எழுத்தின் மதிப்பை அறியாததன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சர்க்கார் அலுவலகங்களில் பேனா பிடித்தோர் பலர். காத்தோங்கில் இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் உளர். தோட்டங்களிலோ, கிராணி எழுதும் செக்ரோலில் ஒரு நாள் விடுபட்டால் ஒரு நாள் கூலி போகும் என்பதைப் படிக்காத தொழிலாளியும் அறிந்திருந்தான். கூலிக் கணக்கில் ஒரு கோடு தவறினால் வழக்காடிய நாம், குழந்தையின் கடைசிக் கணக்கில் தவறினால் வாளாவிருத்தல் தகுமோ?

ஆதலின் நம் வேண்டுகோள் இது. இத்தகைய துயரம் நேர்ந்த குடும்பத்தில் உற்றாராக நிற்போர், அழுகை சற்றே அடங்கிய பின்னர், சான்றிதழை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். குழந்தையின் உயிரைப் பறித்தது எது? அது எதனால் வந்தது? பிறவியில் இருந்த கோளாறு பெயரோடு குறிக்கப்பட்டுள்ளதா? இம்மூன்றுக்கும் அதில் விடை இல்லையெனில், சான்றளித்த வைத்தியரிடம் மரியாதையோடு கேளுங்கள். பெற்றோர் கேட்கும் நிலையில் இரார். மாமனோ சிற்றப்பனோ அத்தையோதான் கேட்க வேண்டும். விடை குழந்தையை மீட்டுத் தராது. ஆனால் அக்குழந்தையின் தமக்கைக்கு அது பயன்படும். அடுத்த வீட்டில் அதே கோளாற்றோடு தொட்டிலில் கிடக்கும் மற்றொரு குழந்தைக்கும் பயன்படும். பத்து நாளே வாழ்ந்த சிசுவும் இவ்வுலகுக்கு ஓர் உபகாரம் செய்து சென்றதாக அப்போதுதான் ஏடு கூறும்.